டேபிளின் இடதுபக்கம்

அன்று காலை எட்டு மணிக்கு, கை கழுவி, கவுன் போட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, ஆபரேஷன் டேபிளின் இடதுபக்கம் போய் நின்றேன். அறையில் பேச்சு நின்றுவிட்டது.

புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் பெண் ஒருத்தி, நான் தூக்கக் கலக்கத்தில் பக்கம் மாறி வந்துவிட்டதாக நினைத்து, "மேடம், திகடே" என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். அந்தப் பக்கம் என்று மராத்தியில் அர்த்தம். "இல்லம்மா, இன்னிக்கு இங்கதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்து இந்தியில் சொன்னேன். பதற்றம் வந்தால் எனக்குத் தமிழ்தான் முதலில் வரும்.

மற்ற எல்லோருக்கும் முந்தின நாளே சொல்லியிருந்தேன். சொன்னதை யாரும் நம்பவில்லை என்பது அந்த மௌனத்தில்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். புனேயில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண், ஒருத்திதான் தமிழ், ஒருத்திதான் இடது கைக்காரி. முதல் இரண்டையும் அவர்கள் சீக்கிரமே ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதுதான் அன்று வரை இழுத்துக்கொண்டிருந்தது.

மூக்கில் ஒரு வழி

பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக எடுப்போம் என்று போன வாரம் போகிற போக்கில் எழுதிவிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர், "மூளைக்கு மூக்கில் வழி இருப்பதை என் அறுபது வயது வரை யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்று கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். அவருக்காகச் சொல்கிறேன்.

பிட்யூட்டரி என்பது கொண்டைக்கடலை அளவு சுரப்பி. மண்டையின் நட்டநடுவில், மூக்கின் கடைசிச் சுவருக்குப் பின்னால், ஓர் எலும்புத் தொட்டிலில் உட்கார்ந்திருக்கும். அதில் கட்டி வந்து மேலே வளர்ந்தால், இரண்டு கண்ணின் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தைப் போய் முட்டும். அப்போது நேர்ப்பார்வை நன்றாக இருக்கும். இரண்டு ஓரங்களும் மட்டும் மெல்ல மெல்ல அணைந்துபோகும். ஓரம் போவதை மனிதர்கள் உடனே கவனிப்பதில்லை. கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டு, கதவைத்தான் திட்டுவார்கள்.

அந்தத் தொட்டிலின் இருபுறமும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு பெரிய குழாய்கள் ஏறிப் போகின்றன. நடுவில் நமக்குக் கிடைக்கும் இடம் ஒன்றரை விரல் அகலம். நடுக்கோட்டை விட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் ஆள் பிழைப்பது சந்தேகம்.

அந்த நாட்களில் எங்களுக்கு உதவிக்கு ஓர் எக்ஸ்ரே கருவி உண்டு. பக்கவாட்டிலிருந்து படம் காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு ஆழம் போய்விட்டோம் என்பதெல்லாம் அதில் தெரியும். இடமா வலமா என்பது மட்டும் தெரியாது. அதற்கு நம் கண்ணும், நாம் நிற்கும் இடமும்தான் பொறுப்பு.

பீச்சாங்கை

நிற்கும் இடம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். நோயாளியைச் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பதுபோல் அரைவாசி நிமிர்த்திப் படுக்க வைப்போம். டாக்டர் அவருடைய வலதுபக்கம், இடுப்புக்கு நேரே நின்று, முகத்தைப் பார்த்துக் குனிவார். வலது கைக்காரருக்கு அது சொந்த வீடு மாதிரி. வலது முழங்கை நோயாளியின் மார்புமேல் போட்ட மடித்த துணியில் லேசாகத் தாங்கிக்கொள்ளும். கை நடுங்காது.

எனக்கோ இடது முழங்கை வெறும் காற்றில் தொங்கும். இடுப்பைத் திருகி, மரப்பலகைமேல் ஏறி, ஒரு கால் விரலில் நின்றுதான் மைக்ரோஸ்கோப்பில் கண் வைப்பேன். உயரமும் நமக்குக் கொஞ்சம் குறைச்சல். இரண்டு வருடம் அப்படித்தான் நின்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவேன். என் கணவர் என்னைத் தாண்டித் தாண்டிச் சமைப்பார்.

ஈரோட்டில் என் அம்மா, சோற்றாங்கையால் சாப்பிடு, எழுது என்று இரண்டையும் எனக்குப் பழக்கிவிட்டார். மூன்றாவதாக எதையும் பழக்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. அதனால் கத்தரிக்கோல், ஊசி, முடிச்சு எல்லாம் பீச்சாங்கையிலேயே தங்கிவிட்டன. மெடிக்கல் காலேஜில் இதைச் சொல்லிச் சிரித்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கிரேன்காரர்

ஆறுமுகம் என்னிடம் வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. மேலே சின்னக் கூண்டில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். கீழே ஒரு ஆள் நின்று கையால் சைகை காட்டுவார்.

அவர் மனைவி கஸ்தூரிதான் பேசினார். நான் தமிழ் என்று தெரிந்ததும் மூச்சு விடாமல் பேசினார்.

"டாக்டரம்மா, நேரா பாத்தா எல்லாம் டீக்காத்தான் தெரியுது இவருக்கு. பேப்பர் படிக்கிறாரு, டிவி பாக்குறாரு. சைடுலதான் ஒண்ணும் தெரியல. ரோட்டுல ரிக்சா வருது ரிக்சா வருதுன்னு நான் கத்திக்கினே போவணும்."

"எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டேன்.

"கட்கிதாம்மா. பொறந்தது வளந்தது எல்லாம் இங்கியே. சொந்த ஊரு ஆரணின்னு சொல்லுவாங்க, நான் ரெண்டு வாட்டிதான் போயிருக்கேன்."

ஆறுமுகம் அதுவரை வாய் திறக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கீழ நிக்கிற ஆளு கைய தூக்கி நிறுத்துன்றான். எனக்குத் தெரியல. லோடு பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது. நல்ல நேரம், யாரும் அடியில இல்ல. மறுநாளே நானே போய் மேனேஜர் சாப் கிட்ட சொல்லிட்டேன், என்னை எறக்கிடுங்கன்னு. பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாதவன் கிரேன் ஓட்டக்கூடாதும்மா."

இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் காட்டவில்லை. தானாக முன்வந்து இறங்கிய அந்த மனிதர்மேல் எனக்கு அந்த நிமிஷமே பெரிய மரியாதை வந்துவிட்டது. பார்வையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதமும் வந்தது. டாக்டருக்குப் பிடிவாதம் கூடாது என்பார்கள். இருந்தது, என்ன செய்ய?

கட்டி பெரியது. நரம்பை நன்றாக மேலே தூக்கியிருந்தது. எங்கள் பிரிவின் தலைவர் சீஃப், ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இது உன் கேஸ், நீதான் செய்கிறாய், நான் எதிரில் நிற்கிறேன் என்றார். அவருக்கு அது பெரிய மனசு. நான் உடனே, அப்படியானால் நான் இடதுபக்கம் நிற்கிறேன் சார் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேண்டுமானால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு செய், ஆனால் ரத்தக்குழாய் பக்கம் போகாதே என்று மராத்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அனுமதி என்றால் அவரிடம் அவ்வளவுதான் கிடைக்கும்.

பதினோரு வரிகள்

பக்கம் மாறுவது என்றால் நான் மட்டும் மாறினால் போதாது. முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். மயக்க மருந்து மெஷின், அதன் குழாய்கள், மைக்ரோஸ்கோப், எக்ஸ்ரே கருவி, கருவிகள் வைக்கும் தள்ளுமேஜை, நர்ஸ் நிற்கும் இடம், என் மரப்பலகை என்று பதினோரு வரி வந்தது. மயக்க மருந்து டாக்டர் இனாம்தார் மேடம் அதைப் பார்த்துவிட்டு, வீட்டை மாற்றுவதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லை என்றார். ஆனாலும் தன் மெஷினைத் தானே தள்ளி வைத்தார்.

தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, எது எங்கே என்று குறித்தேன். தியேட்டர் அட்டெண்டர் காம்ப்ளே எனக்கு முன்னால் குனிந்து கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். இருபது வருடமாக அந்த அறை அவர் ராஜ்யம். எந்தச் சக்கரம் கிறீச்சிடும், எந்த விளக்கு இரண்டு முறை தட்டினால் எரியும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். என் பலகைக்கு அடியில் ரப்பர் ஒட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு கிளைக் கதை

சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ரெண்டாயிரத்துக்குப் பிறகு எண்டோஸ்கோப் வந்தது. மூக்குக்குள் பேனா மாதிரி ஒரு குழாயை விட்டு, படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்வது. இரண்டு டாக்டர்கள் சேர்ந்து செய்ய வேண்டும், காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவர், நாங்கள் ஒருவர்.

எல்லா ஊரிலும் இரண்டு வலது கைக்காரர்கள் ஒரே பக்கம் நெருக்கியடித்து நின்று, முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தியேட்டரில் அவர் வலதுபக்கம், நான் இடதுபக்கம். சண்டையே இல்லை. வெளியூரிலிருந்து பார்க்க வந்த டாக்டர்கள் இதென்ன ஏற்பாடு என்று குறிப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். கராடியிலிருந்து வரும் ஐ.டி. பையன்கள் இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்து, "மேடம், எந்தப் பக்கம் நின்னு பண்ணுவீங்க?" என்று என்னிடமே கேட்பார்கள். கேட்கும் போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அதெல்லாம் பின்னால் வந்த சுகம். ஆறுமுகத்தின் விஷயத்துக்கு வருகிறேன்.

துடிப்பு

முதல் ஒரு மணி நேரம் என் வாழ்நாளிலேயே சுகமான ஒரு மணி நேரம். முழங்கை தாங்கிக்கொண்டது. இடுப்பு நேராக இருந்தது. கருவி கையில் இருப்பதே தெரியவில்லை. இத்தனை நாள் மற்றவர்கள் எல்லாம் இவ்வளவு வசதியாகவா வேலை செய்தார்கள் என்று பொறாமைகூட வந்தது.

மூக்கின் கடைசிச் சுவரில், படகின் அடிக்கட்டை மாதிரி ஓர் எலும்பு உண்டு. அதுதான் நடுக்கோட்டுக்கு அடையாளம். அதை நடுவில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. எனக்கு அது பார்வையின் வலது ஓரத்தில் கொஞ்சமாகத் தெரிந்தது. ஆளுக்கு ஆள் எலும்பு கோணலாக இருப்பதும் உண்டு. அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எக்ஸ்ரே படத்தில் உயரமும் ஆழமும் சரியாக இருந்தன.

மேலே இருந்த எலும்பை மெல்லிய ஓடாகச் சுரண்டினேன். ஓட்டுக்கு அடியில் ஏதோ துடித்தது.

கையை எடுத்தேன். இனாம்தார் மேடத்தின் மெஷினில் நாடித்துடிப்பு பீப், பீப் என்று கேட்டுக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு முன்னால் அந்த எலும்பு ஓடு அதே தாளத்தில் எழுந்து அடங்கியது. அதற்கு அந்தப் பக்கம் இருந்தது ரத்தக்குழாய். இன்னும் ஒரு சுரண்டல் சுரண்டியிருந்தால் ஆறுமுகம் டேபிளிலேயே போயிருப்பார்.

"சார், நான் நடுவில் இல்லை" என்றேன்.

சீஃப் மைக்ரோஸ்கோப்பில் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கத்தவில்லை. இந்தப் பக்கம் வந்துவிடு, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். அறையில் எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. எனக்கும் போய்விடத்தான் ஆசையாக இருந்தது. பிடிவாதம் பிடித்து ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேனே என்று இருந்தது.

ஆனால் பக்கம் மாறுவதற்கு முன்னால் காரணம் தெரிய வேண்டும். காரணம் தெரியாமல் அந்தப் பக்கம் போனால் அங்கேயும் இதே தப்பு காத்திருக்கும். மைக்ரோஸ்கோப்பைத் தள்ளச் சொன்னேன். நோயாளியை மூடியிருந்த பச்சைத் துணியின் கீழ்ப்பக்கத்தை இனாம்தார் மேடத்தைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தேன்.

ஆறுமுகத்தின் தலை வலதுபக்கம் திரும்பியிருந்தது.

நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டாக்டர் நிற்கும் பக்கமாக நோயாளியின் முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைப்பது வழக்கம். நாங்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே காம்ப்ளே அதைச் செய்துவிடுவார். தாடைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு ஜாண் என்று அவருக்கு ஓர் அளவு உண்டு. சீஃப்கூட அதில் கை வைத்ததில்லை. அன்றும் காம்ப்ளே இருபது வருடமாகத் திருப்பிய பக்கமே திருப்பிவிட்டார். நானோ எதிர்ப்பக்கம் நிற்கிறேன். முகம் அங்கே, நான் இங்கே. குறுக்குவாட்டில் நுழைந்து நேராக வலது குழாயிடம் போய்விட்டேன்.

காம்ப்ளே என் பார்வையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஹாத் ஆபோஆப் கேலா, மேடம்" என்றார். கை தானாகப் போய்விட்டது என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வரி எழுதினேன். பலகையை எழுதினேன், மேஜையை எழுதினேன். நோயாளியின் தலையை எழுதவில்லை. தலையை எப்படி வைப்பது என்பது ஆபரேஷன் செய்பவரின் பொறுப்பு. அதைத் தொட்டுப் பார்க்காமல் கத்தியை எடுத்தது நான். அதை அங்கேயே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

பிறகு சீஃபிடம், "தலையைத் திருப்பிவிட்டு இங்கிருந்தே செய்கிறேன் சார்" என்றேன்.

அவர் எக்ஸ்ரே படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு காம்ப்ளேயைப் பார்த்து, உள்ளே போ என்றார்.

ஐம்பது வயது மனிதர், தொப்பை வேறு, மண்டிபோட்டு டேபிளுக்கு அடியில் நுழைந்தார். பச்சைத் துணிக்குள்ளிருந்து அவருடைய இரண்டு கைகள் மட்டும் ஆறுமுகத்தின் தலையைப் பிடித்தன. இனாம்தார் மேடம் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொண்டார். "ஹளூ, ஹளூ", மெதுவாக, மெதுவாக என்று காம்ப்ளே தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தலையை என் பக்கம் கொண்டுவந்தார். இனி போதும் என்று நான் சொன்ன பிறகும் ஒரு நிமிஷம் கையை எடுக்கவில்லை. வெளியே வந்தபோது அவர் தொப்பி கழன்று, தலைமுடி எல்லாம் ஈரமாக இருந்தது.

எக்ஸ்ரேயை மறுபடி சரிசெய்து, மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தேன். படகின் அடிக்கட்டை நட்டநடுவில் இருந்தது. எலும்பு அவருக்குக் கோணலே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. தொட்டிலைத் திறந்தேன். கட்டி நெகிழ்ந்த உப்புமா பதத்தில் இருந்தது, தானாகவே வந்தது. கடைசித் துண்டு வந்ததும் மேலே நசுங்கிக் கிடந்த சவ்வு மெதுவாகக் கீழே இறங்கியது. அது இறங்கினால் நரம்பு விடுபட்டது என்று அர்த்தம். நரம்பு விடுபட்டாலும் பார்வை வருமா என்பதை யாரும் சொல்ல முடியாது. ரொம்ப நாள் நசுங்கிய நரம்பு சில சமயம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

டீ குடிக்கும்போது சீஃப் என் பட்டியலை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே 'தலை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். காம்ப்ளே எனக்கு மட்டும் ஒரு வடாபாவ் வாங்கி வந்து வைத்தார். வேண்டாம் என்று சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும் என்பதால், பசியே இல்லாமல் முழுவதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை

ஐ.சி.யூ.வில் ஆறுமுகம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கின் இரண்டு துவாரத்திலும் பஞ்சு அடைத்திருந்தது. கஸ்தூரியை ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள். கட்டிலின் இடதுபக்கம், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அழக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லித்தான் விட்டிருந்தார். கஸ்தூரி சத்தமே இல்லாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு, ஆறுமுகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை.

"இப்ப ஒரு சின்னப் பரீட்சைங்க. என் மூக்கையே பாருங்க. கண்ணை அங்க இங்க திருப்பக்கூடாது. நான் ரெண்டு கையையும் விரிச்சு, எந்தப் பக்கமாவது ஒரு விரலை ஆட்டுவேன். தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல."

"சரிம்மா" என்றார். குரல் பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. என் மூக்கையே பார்த்தார். இமைகூட ஆடவில்லை.

கைகளை விரிக்கப் போனேன்.

"நீ இன்னாத்துக்கு இப்ப அழுவுற?" என்றார் ஆறுமுகம்.

என்னைத்தான் கேட்கிறாரோ என்று ஒரு கணம் திகைத்தேன். அவர் கண் என் மூக்கை விட்டு நகரவே இல்லை. சுவரோரம் கஸ்தூரியின் கையிலிருந்து முந்தானை நழுவியது.

நான் இன்னும் விரலைத் தூக்கவே இல்லை.